தண்ணீர் தெளிந்துவிட்டது, சரி. உலோகம் எங்கே?

முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவில் கெமிஸ்டாகச் சேர்ந்த முதல் வாரம். அங்கே பல வருடமாக ஆபரேட்டராக இருந்த ஒரு அண்ணன் என்னிடம் கண்ணாடி பீக்கர் ஒன்றை நீட்டி, "தம்பி, இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். உள்ளே பளிச்சென்று மஞ்சளாக ஒரு தண்ணீர். குரோம் தொட்டியிலிருந்து எடுத்த சாமான்களை அலசிய நீர் என்று தெரிந்ததால், கல்லூரியில் படித்த தைரியத்தில் "குரோமியம்" என்றேன். "எந்தக் குரோமியம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. விழித்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை, செய்து காட்டினார். பீக்கரில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டார், மஞ்சள் மெல்ல ஆரஞ்சுக்குத் திரும்பியது. பிஎச் 2-க்கும் 3-க்கும் நடுவே வந்ததும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் தூளை விரல் நுனியால் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். தீக்குச்சி உரசியதுபோல ஒரு நெடி மூக்கில் ஏறியது, ஆரஞ்சு கலங்கி, பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசிப் பச்சையாகிவிட்டது. அப்புறம் சுண்ணாம்புப் பால். பச்சை முழுவதும் நுங்குபோல திரண்டு, செதில் செதிலாக அடியில் இறங்க, மேலே பளிங்கு மாதிரி தண்ணீர். "இப்ப சொல்லுங்க, குரோமியம் எங்க?" அடியைக் காட்டினேன். "அப்ப நாம எதை நீக்கினோம்?" என்று கேட்டுவிட்டு பீக்கரைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு அது ஒரு விளையாட்டுக் கேள்வியாகத்தான் பட்டது. இத்தனை வருடத்தில் கழிவுநீர் பற்றி எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும், எந்த விற்பனைப் பிரதிநிதி வந்து '99 சதவீத நீக்கம்' என்று படம் காட்டினாலும், எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வருகிறது.

உணவுத் தொழிற்சாலைக் கழிவில் இருக்கும் சர்க்கரையையோ கொழுப்பையோ பாக்டீரியா தின்றுவிடும், அது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் போய்விடும், கதை முடிந்தது. சாயத்தைக்கூட ஓசோனோ வேறு ஏதோ வைத்து உடைக்கலாம். உலோகத்தை என்ன செய்வது? காரீயம் ஒரு தனிமம். அதை எரித்தாலும் காரீயம், கரைத்தாலும் காரீயம், பாக்டீரியாவுக்கு ஊட்டினாலும் காரீயம். நம்மால் முடிந்தது இவ்வளவுதான்: அது இருக்கும் வடிவத்தை மாற்றலாம், பெரிய தண்ணீரிலிருந்து சின்ன இடத்துக்கு ஒதுக்கலாம், ஒதுக்கியதை மறுபடி வெளியே வராதபடி பூட்டி வைக்கலாம். கதிரியக்க உலோகம் என்றால் கூடவே காலம் என்ற ஒன்று சேர்ந்துகொள்கிறது, அது தானாகவே சிதைந்து தீரும்வரை காத்திருக்கலாம். சீசியம்-137-க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 30 வருடம், காத்திருக்கலாம் என்று மனம் ஏற்கும். ரேடியம்-226-க்கு 1,600 வருடம். யுரேனியம்-238-க்கு சுமார் 450 கோடி வருடம், அதாவது பூமியின் வயது. அதற்கு யார் காத்திருப்பது?

சரி, வடிவத்துக்கு வருவோம். 'எந்தக் குரோமியம்' என்று அவர் கேட்டதன் பொருள் அதுதான். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தண்ணீரில் எதிர்மின் சுமையோடு ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு திரியும், எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் சட்டை செய்யாது, புற்றுநோய் உண்டாக்குவதும் அதுதான். அதையே மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டால் நச்சு வெகுவாகக் குறைந்து, பிஎச் 8 வாக்கில் சாதுவாகப் படிந்துவிடும். அமிலம் முதலில், தூள் அடுத்து, சுண்ணாம்பு கடைசி. இந்த வரிசை மாறினால் மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே எல்லாத் தொட்டியையும் தாண்டி வெளியே போய்விடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: படிய வைத்த குரோமியம் இருக்கும் நீரில், அடுத்த கட்டத்துக்கு என்று போட்ட குளோரின் மிஞ்சிக் கிடந்தால், அது மூன்றைத் திரும்ப ஆறாக ஏற்றிவிடக்கூடும்.

ஆர்சனிக்கும் இதே ஜாதிதான், ஆனால் திசை தலைகீழ். அதன் மூன்று இணைதிறன் வடிவம் சாதாரண பிஎச்சில் மின்சுமையே இல்லாமல் நழுவிக்கொண்டிருக்கும், அதனால் முதலில் குளோரினோ வேறு ஆக்சிஜனேற்றியோ விட்டு ஐந்துக்கு ஏற்றி, பிறகு இரும்பு ஹைட்ராக்சைடில் ஒட்ட வைக்கிறார்கள். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், எனவே இந்த ஒரு படியை விட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டுப் படியவைப்பது உலகம் முழுக்க முதல் வழி, மலிவு என்பதால். பாடப்புத்தகத்தில் பார்த்தால் ரொம்ப எளிது, ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வளைகோடு, எந்த பிஎச்சில் மிகக் குறைவாகக் கரையும் என்று காட்டும். துத்தநாகத்துக்கு 9 முதல் 10, நிக்கலுக்கு 10-க்கு மேல், காட்மியத்துக்கு 11 பக்கம். ஆனால் தொழிற்சாலைக் குழியில் இவை எல்லாம் ஒன்றாகத்தான் வந்து விழும். காட்மியத்துக்காக பிஎச்சை ஏற்றினால் அதுவரை சமர்த்தாகப் படிந்திருந்த துத்தநாகம் காரத்தில் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும், நடுவில் மட்டும் படியும் உலோகங்கள் இவை. ஒரே தொட்டி, ஒரே பிஎச் என்று வடிவமைத்துவிட்டு 'ஆபரேட்டர் சரியில்லை' என்று சொல்வதை நான் நிறைய கேட்டிருக்கிறேன். வளைகோடுகள் ஒத்துழைக்காதபோது ஆபரேட்டர் என்ன செய்வார்?

என் சொந்தத் தலைவலி நிக்கலில் வந்தது. ஒரு மாதம், தெளிந்த நீர் அவ்வளவு சுத்தமாக இருந்தது, செட்லிங் டேங்கின் அடித்தளம் தெரியும் அளவுக்கு. வெளியிலிருந்து வந்த பரிசோதனை முடிவில் நிக்கல் மட்டும் அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. பிஎச் மீட்டரைக் கழற்றிச் சரிபார்த்தோம், சரியாக இருந்தது. துகள்களைத் திரட்டப் போடும் பாலிமரின் அளவைக் கூட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. அதே நீரைத் தனித்தனி ஜாடிகளில் எடுத்து பிஎச் 9, 10, 11 என்று வரிசையாக வைத்துப் பார்த்தோம், ஒன்றிலும் இறங்கவில்லை. ஒரு நாள் அந்தத் தெளிந்த நீரை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து மேலிருந்து குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மெல்லிய ஒரு பச்சைச் சாயல். நிக்கல் துகளாக இல்லை, கரைந்தே இருந்தது.

விசாரித்தால், உற்பத்திப் பிரிவில் மின்சாரமே இல்லாமல் நிக்கல் பூசும் புது பாத் (கரைசல் தொட்டி) ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள், அதன் பழைய கரைசலை இரவு ஷிஃப்டில் எங்கள் குழியில் திறந்துவிட்டிருக்கிறார்கள், எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த பாத்தில் நிக்கல் தானாகப் படிந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சிட்ரிக் அமிலம் மாதிரி சமாச்சாரங்களைச் சேர்த்திருப்பார்கள். அவை நிக்கல் அயனியை நண்டுக் கொடுக்குபோலப் பிடித்து வைத்திருக்கும். நாங்கள் போட்ட காரத்தின் ஹைட்ராக்சைடு போய் அந்தப் பிடியிலிருந்து நிக்கலைப் பிடுங்க முடியாது. ஈடிடிஏ, அம்மோனியா, சயனைடு எல்லாம் இதே வேலையைச் செய்யும். கடைசியில் டைதயோகார்பமேட் என்ற கந்தகச் சேர்மத்தைப் போட்டு இறக்கினோம். கந்தகத்தின் பிடி அதைவிட இறுக்கம். ஆனால் அந்த மருந்தே மீன்களுக்கு விஷம், கை தாராளமாகப் போனால் நிக்கலை நிறுத்திவிட்டு வேறொரு நஞ்சை ஆற்றுக்கு அனுப்புவோம். உண்மையான தீர்வு அந்தக் குழாயைத் தனி டேங்குக்குத் திருப்பியதுதான், அதற்கு வேதியியல் வேண்டியதில்லை, ஒரு வெல்டரும் இரண்டு நாளும் போதுமாக இருந்தது.

கந்தகம் என்றதும் ஒரு சின்ன விலகல். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொங்கலோடு இருக்கும் கரிமச் சேர்மங்களுக்கு மெர்காப்டன் என்று பெயர். 1830-களில் சைஸ என்ற டென்மார்க் வேதியியலாளர் வைத்தது, லத்தீனில் 'பாதரசத்தைப் பிடிப்பது' என்று பொருள் வரும்படி. பாதரசக் கழிவுநீருக்கு இன்றைக்கும் கந்தகம் ஏற்றிய ரெசினையும் (அயனிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகள்) கரியையும்தான் பயன்படுத்துகிறார்கள். பெயர் வைத்த மனிதர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஜப்பானின் மினமாதாவில் 1956-இல் வெளியே தெரியவந்த நோய் பாதரசத்தால் வந்தது. தொழிற்சாலைக் கழிவில் போன மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற பூனைகளும் மனிதர்களும் நரம்பு செத்துத் துடித்தார்கள். கடல் பெரியது, கரைந்துபோய்விடும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. மீன்கள் அதைத் திரும்பத் திரட்டிக் கொடுத்துவிட்டன.

இனி கதிரியக்கம். முலாம் தொழிலில் நாங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சண்டை போட்டோம். அணு உலைக் கழிவுநீர் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் தலை சுற்றியது அளவுகளைப் பார்த்துத்தான். குடிநீரில் சீசியம்-137-க்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 பெக்கரல், அதாவது நொடிக்குப் பத்து அணுக்கள் சிதையும் அளவு. எடையில் அது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. அதே நேரம் ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது, சீசியத்தின் தம்பி மாதிரி நடந்துகொள்ளும் பொட்டாசியம் 0.4 கிராம். இந்தக் கூட்டத்தில் அந்த மூன்று பங்கை மட்டும் பொறுக்க வேண்டும். சுண்ணாம்பைப் போட்டுப் படியவைக்கும் பேச்சே இங்கே கிடையாது. சீசியம் எதோடும் எளிதில் படியாது, தவிர, படியும் அளவுக்கு அது அங்கே இருந்தால்தானே.

ஆக இங்கே வேண்டியது ஆள் பார்த்து இடம் கொடுக்கும் பொருள். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் 1985 முதல் கிளினாப்டிலோலைட் என்ற இயற்கைக் கனிமத்தை, அதுவும் ஒரு வகை எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறி உருவானதுதான், தொட்டியில் நிரப்பி அதன் வழியே, பயன்படுத்திய அணு எரிபொருளை வைக்கும் குளத்து நீரை விடுகிறார்கள். அதன் துளைகளின் அளவு சீசியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் தோதாக இருக்கிறது. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் 1979 விபத்துக்குப் பிறகு உலைக் கட்டடத்தில் தேங்கிய நீரையும் ஜியோலைட்டில்தான், அதாவது கிளினாப்டிலோலைட் சேர்ந்த அதே துளைக் கனிமக் குடும்பத்தில்தான், சுத்தம் செய்தார்கள்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது, பிரஷ்யன் நீலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில், சிவப்புச் சாயம் செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்த ஓவிய நீலம். இரும்பும் சயனைடும் கட்டிய சின்னச் சின்னக் கூண்டுகள், சீசியம் உள்ளே போய் உட்கார அளந்து வைத்ததுபோல. பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியை உடைத்துப் பலர் சீசியத்தைத் தொட்டு, நான்கு பேர் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த நீலத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள், குடலில் சீசியத்தைப் பிடித்து வெளியேற்ற. கழிவுநீரிலும் அருமையாக வேலை செய்யும், ஆனால் காரம் கூடினால் கூண்டே உடைந்துவிடும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு இந்த எல்லா வித்தைகளும் ஒரே இடத்தில் கூடின. உலைகளைக் குளிர்விக்க முதலில் கடல்நீரையே ஊற்ற வேண்டியிருந்ததால் உப்பும் கதிரியக்கமும் கலந்த நீர். முதலில் சீசியத்துக்கு ஜியோலைட் போன்ற பரப்பீர்ப்பிகள் (தம் பரப்பில் உலோகத்தை ஒட்ட வைத்துக்கொள்ளும் பொருள்கள்), பிறகு 62 கதிரியக்க அணுக்கருக்களைக் குறிவைத்து ஆல்ப்ஸ் என்ற அமைப்பு. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் முதல் படி இரும்பு போட்டுப் படியவைப்பது, அடுத்தது கார்பனேட் போட்டுப் படியவைப்பது, அதற்கப்புறம்தான் வரிசையாகப் பரப்பீர்ப்புக் கலங்கள். எங்கள் ஷெட்டில் நடந்ததன் பணக்கார உறவினர் என்று சொல்லலாம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிட்டியம் மட்டும் மிஞ்சும், ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்திருக்கவில்லை, அதுவே தண்ணீராக இருக்கிறது. ஹைட்ரஜனின் இடத்தில் உட்கார்ந்திருப்பதை எந்த ரெசினால் பிரிக்க முடியும்? 2023 ஆகஸ்ட் 24 முதல் அதை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே நீர்த்துக் கடலில் விடுகிறார்கள், அதைப் பற்றித்தான் உலகமே பேசியது. நான் கவனித்த சங்கதி வேறு. ஆல்ப்ஸைத் தாண்டித் தொட்டிகளில் நின்ற நீரின் பெரும்பகுதியில் ட்ரிட்டியம் தவிர மற்றவையும் வரம்புக்கு மேல் இருந்ததை 2018-இல் நிர்வாகமே ஒப்புக்கொண்டது, அந்த நீரைத் திரும்பச் சுத்திகரிக்க வேண்டும் என்றது. பரப்பீர்ப்பியை மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டால் எந்தக் கலமும் ஒரு கட்டத்தில் கசியும், சிறிய ஷெட்டிலும் அதேதான். அப்புறம், படிய வைத்த சேறு. அது தடித்த சுவர் கொண்ட கலன்களில் அடைபட்டு அங்கேயே வரிசையாக நிற்கிறது. கடலில் விட்ட நீருக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

கதிரியக்க உலோகம் என்றாலே அணு உலை என்று நினைக்க வேண்டாம். பாஸ்பேட் உரம் செய்யும் இடத்திலும், அரிய மண் தாதுக்களைப் பிரிக்கும் இடத்திலும், எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு மேலே வரும் உப்பு நீரிலும் யுரேனியம், தோரியம், ரேடியம் வருகின்றன, கேட்பாரற்று. ரேடியத்தைப் பிடிக்கும் முறை எனக்கு ஒரு குடும்பக் கதை மாதிரி தோன்றும். தனிம அட்டவணையில் பேரியத்துக்கு நேர் கீழே ரேடியம். ரேடியம் தனியாகப் படியும் அளவுக்கு ஒருபோதும் இருக்காது, அதனால் சல்பேட் உள்ள நீரில் பேரியம் குளோரைடைப் போடுகிறார்கள். பேரியம் சல்பேட் படிகம் உருவாகும்போது ரேடியமும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். 1898-இல் க்யூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்ததும் அது பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான். அப்போது பிரிக்கப் பட்ட பாட்டை இப்போது நாம் சேர்த்து வைக்கப் படுகிறோம். எண்ணெய்க் குழாய்களுக்குள் இதே வேலை யாரும் கேட்காமலே நடக்கிறது, பேரியம் சல்பேட் செதிலாகப் படிந்து குழாயே கதிரியக்கமாகிவிடும்.

யுரேனியம் ஆள் மாறாட்டக்காரர். அமில நீரில் நேர்மின் சுமையோடு இருக்கும், கார்பனேட் உள்ள நீரில் அதைச் சுற்றிக்கொண்டு எதிர்மின் சுமைக்கு மாறிவிடும். எந்த நீர் என்று பார்க்காமல் ரெசினை வாங்கினால் பணம் தண்டம். 1991-இல் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளரும் அவர் குழுவினரும் ஒரு செய்தி சொன்னார்கள்: நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுவதுபோல யுரேனியத்தை வைத்து மூச்சு விடும் பாக்டீரியா உண்டு, அது கரைந்த யுரேனியத்தைக் கரையாததாக மாற்றிவிடும் என்று. அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற இடத்தில், பழைய யுரேனிய ஆலை இருந்த நிலத்துக்கடியில் அசிடேட்டை ஊட்டிச் செய்தும் பார்த்தார்கள், நிலத்தடி நீரில் யுரேனியம் குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் திரும்ப உள்ளே வந்தால் யுரேனியமும் திரும்பக் கரையும்.

இப்போது என் மனக்குறை. பழத்தோல், உமி, கடற்பாசி, இறால் ஓடு, மரத்தூள் என்று எதை வைத்தாவது உலோகம் நீக்கும் ஆய்வுக்கட்டுரை கணக்கில்லாமல் வருகிறது. தத்துவம் உண்மைதான், அவற்றில் உலோகத்தைப் பிடிக்கும் கார்பாக்சில், அமீன் தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்து, தோலைப் போட்டுக் குலுக்கி, 98 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். நிஜக் கழிவுநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து அந்த இடங்களில் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக்கூட மன்னிக்கலாம், ஆரம்ப ஆய்வு அப்படித்தான் இருக்கும். உலோகம் ஏறிய தோலை அப்புறம் என்ன செய்தீர்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இருக்காது. ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு "எரிச்சிடலாம் சார்" என்றார். காட்மியத்தையும் பாதரசத்தையும் எரித்தால் புகைபோக்கி வழியே போகும், அதைப் பிடிக்க நீரைத் தெளிக்க வேண்டும், அந்த நீர் மறுபடி கழிவுநீர். இருவருமே சிரித்துவிட்டோம். பிறகு அவர் அமிலத்தால் கழுவி உலோகத்தைத் திரும்ப எடுக்கும் சோதனையைத் தொடங்கினார், அதுதான் சரியான பாதை. செறிந்த கரைசலாகக் கிடைத்தால் தாமிரத்தையும் நிக்கலையும் மின்பகுப்பில் உலோகமாகவே எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கழிவு என்ற பெயரே அதற்குப் பொருந்தாது.

அது முடியாதபோது மிஞ்சுவது கசடு. எங்கள் ஷெட்டில், கசடைத் துணியில் அழுத்தி நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸைத் திறக்கும் நாள் ஒரு சத்தம் உண்டு. தட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்த, துணியிலிருந்து கேக் பிய்ந்து டப் டப்பென்று கீழே விழும். சாம்பல் பச்சை நிறம், கையுறையோடு உடைத்தால் ஈரச் சாக்லேட் மாதிரி முறியும், பாதிக்கு மேல் இன்னும் தண்ணீர்தான். அதைச் சிமெண்டோடு பிசைந்து இறுக வைத்து, பிறகு பொடித்து, இருபது மடங்கு எடையுள்ள அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, எவ்வளவு உலோகம் திரும்ப வெளியே வருகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வரம்புக்குள் இருந்தால் பாதுகாப்பான நிரப்பு நிலத்துக்குப் போகலாம். நான் முதன்முதலில் அந்தக் கேக்கோடு லாரியில் அங்கே போனபோது பார்த்தேன், கீழே களிமண், அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் வடிகால் குழாய்கள். மழைத் தண்ணீர் கழிவுக்குள் இறங்கி அடியில் சேர்வது அந்தக் குழாய் வழியே ஒரு ஓரத்துக்கு வரும். எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்று குழாயோடு நடந்தேன். ஓரத்தில் ஒரு ஷெட். உள்ளே ஒரு தொட்டி, அதன் மேல் பிஎச் மீட்டர், பக்கத்தில் அடுக்கி வைத்த சுண்ணாம்பு மூட்டைகள்.